நேற்றைவிட

கிள்ளானில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் யாருக்கும் உடம்பு மோசமானதே கிடையாது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். கட்டிலில் கிடந்தவர்கள் வருவார்கள், போவார்கள், போனால் ஒரேயடியாகப் போவார்கள். ஆனால் போகிற நிமிடம் வரைக்கும் அத்தனை பேரும் 'சேம்'. காலையில் ஆள் மாறும்போது சேம், மாலையில் ஆள் மாறும்போது சேம். மேல் மாடியில் இருந்த ஒரு சீனக் கிழவி விடிவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். முந்தின மாலை அவளையும் சேம் என்று சொல்லித்தான் ஒப்படைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் இந்த ஒப்படைப்பு தமிழிலும் மலாயிலும் கலந்தடித்து நடந்துகொண்டிருந்தது. இல்லத்தை நடத்துகிற மிஸ் லிம் மியன்மாரிலிருந்து ஒரு நர்ஸைக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, மலாய் அரைகுறை. அன்றிலிருந்து எல்லாம் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு 'தேங்க் யூ'வைத் தாண்டினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸில் டியூஷன் எடுக்கிற மாதவி என்கிற பெண்ணை வியாழக்கிழமை தோறும் வரச் சொன்னாள் மிஸ் லிம். கொம்யூட்டர் ரயிலில் வந்து இறங்கி, வேர்க்க விறுவிறுக்க, கிழவர்கள் மத்தியானத் தூக்கம் போடுகிற நேரத்தில் சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்துவாள் மாதவி.

புஷ்பவல்லி அந்த வகுப்பில் முதல் நாற்காலி. படிப்பில் ஆசை என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில்தான் காற்றாடி நேராக அடிக்கும். காலை வேலையில் அவள்தான் மூத்தவள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது, திட்டு வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. வயது நாற்பத்தெட்டு. புருஷன் இல்லை. வாணி என்று ஒரே மகள், சுபாங் ஜெயாவில் காலேஜ் படிக்கிறாள்.

யானை, பூனை, எறும்பு என்று படங்களை நீட்டிய வரைக்கும் பாடம் ஓடியது. யானை பூனையைவிடப் பிக்கர், எறும்பு எல்லாவற்றையும்விட ஸ்மாலஸ்ட் என்று கூட்டமாகக் கத்தினார்கள். மனுஷர்களிடம் வந்தபோதுதான் வந்தது வினை.

"புஷ்பாக்கா, உங்க மகளும் நீங்களும். யாரு டாலர்? யாரு ஒசரம்?" என்றாள் மாதவி.

"சேம் டீச்சர்."

"போன வாரம் கேட்டுல பாத்தேனே, உங்களவிட அரையடி ஒசரம்!"

"ஐயோ, சேம் லா டீச்சர்."

"சரி, விடுங்க. க்ளெவர்னு வெச்சுக்குவோம். வாணி இஸ் தி க்ளெவரஸ்ட் கேர்ள் இன் ஹர் காலேஜ். சொல்லுங்க பாப்போம்."

புஷ்பவல்லி காற்றாடியைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ராதாகிருஷ்ணன், மாலை வேலைக்காரன், வயிறு குலுங்கச் சிரித்தான். "டீச்சர், அது அவங்க வாயில வராது. பெத்த புள்ளைய பெட்டர்னு சொன்னா கண்ணு பட்டுரும். வோர்ஸ்னு சொன்னா பலிச்சிரும். எங்களுக்கு சேம்தான் சேஃப்டி."

எல்லோரும் சிரித்தார்கள். மாதவிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாவம், ஒரு மணி நேரம் ரயிலில் நசுங்கி வந்தவள், சிரித்து முடித்ததும் அவளுக்கு எரிச்சலும் வந்தது. "எல்லாரும் எப்பவும் சேம்னா அப்புறம் எதுக்குக்கா ஹேண்ட்ஓவர்? டேப் ரிக்கார்டர்ல போட்டு வெச்சிட்டுப் போலாமே!" என்றாள். புஷ்பவல்லிக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், கல்யாணம்கூட ஆகாதவள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

அவளுக்குத் தெரிந்தது வேறு. அவள் புருஷன் நாகையா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவன். டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒரு நாள் காலை அவன் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டதைப் பார்த்த புஷ்பவல்லி, வராந்தாவில் நின்று சுங்கை பூலோவில் இருந்த மாமியாருக்குப் போன் போட்டாள். "அத்தை, ரொம்ப மோசமா இருக்கு. ஒடனே கெளம்பி வாங்க." கிழவி டாக்சி பிடித்து விழுந்தடித்துக்கொண்டு வந்தாள். மகன் அவளை அடையாளம் கண்டு அம்மா என்றான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான். சாவு வீட்டில் ஊர் கூடியிருக்க, கிழவி மார்பில் அடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "காலையில நல்லாத்தான் இருந்தான் என் புள்ள. இவ வாய வெச்சா. போயிட்டான்."

யார் என்ன ஆறுதல் சொன்னாலும் அந்தப் பேச்சு புஷ்பவல்லியை விட்டுப் போகவில்லை. மோசம் என்ற சொல்லையே அவள் அன்றோடு தலைமுழுகிவிட்டாள். கறி கெட்டுப்போனாலும் 'ஒரு மாதிரி இருக்கு' என்பாள். அப்படிப்பட்டவளிடம் போய் பேட், வோர்ஸ், வோர்ஸ்ட் என்று பாடம் நடத்தினால் எங்கே ஏறும்?

இதற்கு நேர் எதிரான பேர்வழி ஒருவர் கீழ் மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். சீவரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வே கணக்காபீஸில் காலம் தள்ளியவர். மனைவி பூரணம் போன பிறகு இங்கே வந்து சேர்ந்தார். மகன் ஐங்கரன் பெட்டாலிங் ஜெயாவில் இருந்தான், சனிக்கிழமை வருவான். மகள் சுதர்சினி மெல்பர்னில். மனுஷருக்கு நடுத்தரம் என்ற ஒன்றே தெரியாது. எது எடுத்தாலும் ஒன்று உலகத்திலேயே சிறந்தது, இல்லாவிட்டால் உலகத்திலேயே படுமோசம்.

"பிள்ளை, இந்தக் கிள்ளான் முழுக்கத் தேடினாலும் இதைவிடக் கேவலமான சொதி கிடைக்காது" என்பார் தேங்காய்ப்பால் குழம்புத் தட்டைத் தள்ளிவிட்டு. மறுநாளே, "மலாயா ரயில்வேயில என்ர கையெழுத்துத்தான் ஆக வடிவு, தெரியுமோ?" என்பார். "என்ர மகள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி. மகன் எல்லாரையும்விடச் சோம்பேறி" என்று மகன் காதில் விழவே சொல்லுவார். புஷ்பவல்லி பதறிப்போவாள். "அய்யா, வாயக் கழுவுங்க! பெத்த புள்ளைங்கள இப்பிடியா பேசுவாங்க!" என்று அதட்டுவாள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார். உள்ளுக்குள் அவளுக்கு அவரைப் பிடிக்கும். தான் சொல்ல முடியாததையெல்லாம் ஒருத்தர் கூசாமல் சொல்கிறாரே என்று பிடித்திருந்ததோ என்னவோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறைக் கதவில் மண்டையை லேசாக இடித்துக்கொண்டார் சீவரத்தினம். வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. "ஒண்டுமில்லை பிள்ளை, கதவுக்குத்தான் பலத்த அடி" என்றார். புஷ்பவல்லி ஐஸ் வைத்துவிட்டாள். இருதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், தலையில் அடிபட்டால் டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. ஆனால் அதை அங்கே யாரும் யோசிக்கவில்லை. நர்ஸ் வந்து பார்த்தாள், மிஸ் லிம் எட்டிப் பார்த்தாள், எல்லோரும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை சொதி ஊற்றினாள். குடித்தார். "எப்பிடி அய்யா இருக்கு?" என்று வம்புக்கு இழுத்தாள். "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். கேவலமும் இல்லை, பிரமாதமும் இல்லை. புஷ்பவல்லிக்குக் கரண்டி பிடித்த கை நின்றுவிட்டது. இத்தனை நாளில் அந்த மனுஷர் எந்தச் சாப்பாட்டையும் 'இருக்கட்டும்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை. தூக்கம் சரியில்லையோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வலது கையிலிருந்து கரண்டி நழுவியது. எடுத்துக் கொடுத்தாள், திரும்ப நழுவியது. அவர் அதைப் பார்த்துக் கோபப்படவும் இல்லை. புதன்கிழமை பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், அப்படியே தூங்கிப்போனார். காலைப் பலகாரம் முடிந்த கையோடு தூங்குகிற ஆளே இல்லை அவர். சாயங்காலம் ஒப்படைக்கும்போது நர்ஸ் கேட்டாள்: "மிஸ்டர் சீவா?"

"சேம்" என்றாள் புஷ்பவல்லி.

அவள் சொன்னது பொய் என்று அவளுக்கே தெரியும். சும்மா அல்ல, நன்றாகத் தெரியும். ஆனால் மோசம் என்று சொல்ல வாயெடுத்தாலே மாமியார் மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம்தான் காதில் விழுந்தது. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அது நடக்கவில்லை என்று ஒரு குருட்டு நம்பிக்கை. நாளைக்குச் சரியாகிவிடும், சரியானால் சொல்லவே வேண்டியதில்லை. இப்படித்தான் ஒவ்வொரு நாளும் ஓட்டினாள்.

வியாழக்கிழமை மாதவி புதுசாக ஒன்றைக் கொண்டுவந்தாள். ஹேண்ட்ஓவரையே நாடகம் போல நடித்துப் பார்ப்பதாம். வெள்ளைப் பலகையில் பெட்டர், சேம், வோர்ஸ் என்று எழுதி, அதன் பக்கத்தில் 'தேன் எஸ்டர்டே' என்று பெரிதாக எழுதினாள். "நேத்தைவிட. அதுதான் முக்கியம். மத்தது எல்லாம் சும்மா. நேத்து எப்பிடி இருந்தாரு, இன்னிக்கி எப்பிடி இருக்காரு. புஷ்பாக்கா, நீங்க காலை ஆளு. நான் மாலை ஆளு. மிஸ்டர் சீவரத்தினம்?"

அவள் சும்மா ஒரு பேரைத்தான் சொன்னாள். புஷ்பவல்லிக்கு முகம் வெளிறிவிட்டது. அன்று காலைதான் அவரைக் கைப்பிடித்து நடத்திப் போகும்போது ஒரு கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை, வெறுங்காலை இழுத்துக்கொண்டே வந்தார்.

"சேம்" என்றாள்.

மாதவி அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு கிட்டே வந்து, "அக்கா, ஏதாச்சும் இருந்தா சொல்லிடுங்க. வாயால சொல்றதுனால ஒன்னும் ஆவாது" என்றாள் மெதுவாக.

"ஒங்களுக்கு ஆயிருந்தாத் தெரியும் டீச்சர்!" என்று சீறினாள் புஷ்பவல்லி. மாதவி பலகையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்தச் சீற்றத்தின் சூட்டிலேயே ராதாகிருஷ்ணனைப் பிடித்தாள். "தம்பி, சாயங்காலத்துல அய்யா எப்பிடி இருக்காரு? நீயும் பாக்கறதான?" என்றாள்.

ராதாகிருஷ்ணன் சுற்றும்முற்றும் பார்த்தான். அவனும் பார்த்திருக்கிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "அக்கா, வயசானவரு, அப்பிடி இப்பிடித்தான் இருப்பாரு. நீங்க பாட்டுக்கு வாய வெச்சிராதீங்க. அப்புறம் ஏதாச்சும் ஆனா உங்க மேலதான் வரும்." அவன் கெட்டவன் இல்லை. தாய்க்கிழவிகளைப் பூப்போலத் தூக்கி உட்கார வைக்கிறவன். ஆனாலும் மறுநாள் காலை ஒப்படைக்கும்போது அவனும் சேம் என்றுதான் சொன்னான். மிஸ் லிம்முக்கும் அதுதான் வேண்டும். "சேம் ஆ? குட், குட்" என்று சந்தோஷமாகப் போனாள். சேம் என்றால் ஆம்புலன்ஸ் இல்லை, குடும்பத்துக்குப் போன் இல்லை, சத்தம் இல்லை. ஆளாளுக்கு ஒரு காரணம், எல்லோருக்கும் ஒரே பதில். நடுவில் அந்த மனுஷர் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவளைப் பார்த்துப் "பூரணம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஐங்கரன் வந்தான். கையில் பயணப் பை. அன்று சாயங்காலம் ஜகார்த்தாவுக்குப் போகிறானாம், வேலை விஷயம், திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தட்டினான். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார். "நேத்து ராத்திரி சரியாத் தூங்கலியோ?" என்று கேட்டான். புஷ்பவல்லி போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். மிஸ் லிம் வாசல் வரைக்கும் அவனோடு நடந்து போனாள். "ஹவ் இஸ் ஹி?" என்று அவன் கேட்டதும், "சேம், சேம், டோன்ட் வொர்ரி" என்று அவள் சொன்னதும் ஜன்னல் வழியாகப் புஷ்பவல்லிக்குக் கேட்டது.

கார்க் கதவு திறக்கும் சத்தம். அந்த நேரத்தில் ஏனோ நாகையா நினைப்பு வரவில்லை அவளுக்கு, மாமியார் நினைப்புத்தான் வந்தது. அந்தக் கிழவி திட்டினாள், சாபம் விட்டாள், சாகிற வரைக்கும் இவள் முகத்தில் முழிக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் வந்து சேர்ந்தாளே! மகன் அம்மா என்றபோது பக்கத்தில் இருந்தாளே! அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் பிணத்தைத்தானே பார்த்திருப்பாள்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இப்படி நினைத்துப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடினாள்.

"சார்! போவாதீங்க சார்!"

ஐங்கரன் காருக்குள் ஒரு காலை வைத்தபடி நின்றான்.

"அய்யாவுக்கு மோசமா இருக்கு சார்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு ஒரு கணம் வானம் இடிந்து விழும் என்று எதிர்பார்த்து நின்றாள். ஒன்றும் விழவில்லை. மிஸ் லிம்தான் வந்து விழுந்தாள். "புஷ்பா, வாட் யூ டாக்கிங்? மார்னிங் யூ சே சேம் வாட்!"

"மார்னிங் ஐ டெல் லை, மிஸ் லிம்" என்றாள் புஷ்பவல்லி. நாக்கு குழறியது, ஆனால் நிற்கவில்லை. "வோர்ஸ். டியூஸ்டே வோர்ஸ் தேன் மண்டே. வெனஸ்டே வோர்ஸ். எவ்ரிடே வோர்ஸ் தேன் எஸ்டர்டே. ஐ சீ. ஐ நோ. ஐ சே சேம்."

ஐங்கரன் காரிலிருந்து காலை எடுத்தான். "தெரிஞ்சிக்கிட்டேவா சேம்னு சொன்னீங்க?"

"ஆமா சார். திங்கக்கெழமையிலேர்ந்து தெரியும். கரண்டி நிக்கல கையில. காலு இழுக்குது. என்னையப் பாத்துப் பூரணம்ங்கறாரு."

"ஏன்க்கா சொல்லல? வேலை போயிடும்னா?"

"இல்ல சார். சொன்னா நடந்துரும்னு பயம்."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். கழுத்து நரம்பு புடைத்தது. "நடந்துருச்சேக்கா!" என்று கத்தினான். தெருவில் போன மோட்டார்க்காரன்கூட நின்று பார்த்தான். அதற்குள் அவன் உள்ளே ஓடிவிட்டான். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் அவனும் ராதாகிருஷ்ணனும் கிழவரைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் கிடத்தினார்கள். புஷ்பவல்லி செருப்புகளைக் கொண்டு ஓடினாள். யாரும் வாங்கவில்லை.

சுபாங் ஜெயாவில் ஒரு ஆஸ்பத்திரியில் அன்றே மண்டையைத் திறந்து கட்டிப்போயிருந்த ரத்தத்தை எடுத்தார்கள். கதவில் பட்ட அடிதான். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையை நெருக்கியிருக்கிறது. வாரத் தொடக்கத்திலேயே வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்றாராம் டாக்டர். இதை மிஸ் லிம் சமையலறையில் நின்று புஷ்பவல்லியைப் பார்த்தே சொன்னாள். என் இடத்தின் மானத்தை வாங்கிவிட்டாய் என்றும் சேர்த்துச் சொன்னாள். ராதாகிருஷ்ணன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டான். கூட வேலை செய்தவர்கள் அவள் தாங்கள் பார்க்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் பேச்சை மாற்றினார்கள். வாய் வைத்தவள் என்ற பட்டம் திரும்பவும் வந்து ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை அதற்கு மேல் இன்னொன்றும் சேர்ந்திருந்தது, அதை அவள்தான் அறிவாள்: வாயை வைத்ததற்காக அல்ல, வைக்காமல் இருந்ததற்காகத் தனக்கு இந்தத் தண்டனை போதாது என்று அவள் அழுதாள்.

திங்கட்கிழமை ஐங்கரனிடமிருந்து போன் வந்தது. மிஸ் லிம்மைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டான். சாயங்காலம் வேலை முடிந்து பஸ் பிடித்துப் போனாள். ஐ.சி.யூ. வாசலில் தாடியும் கசங்கிய சட்டையுமாக உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"நான் உங்கள மன்னிக்கலக்கா. அத மொதல்ல சொல்லிடறேன்."

"சரி சார்."

"இங்க ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் வர்றாங்க. எல்லாரும் ஸ்டேபிள், ஸ்டேபிள்ங்கறாங்க. நேத்து சொன்னதும் ஸ்டேபிள், இன்னிக்கும் ஸ்டேபிள். ஒங்க சேம் மாதிரியே இருக்கு எனக்கு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் வாரத்துக்கு ஒரு நாள் வந்து பாத்தவன். எனக்கு அப்பாவ அவ்வளவு தெரியாதுக்கா. தினம் பாத்தது நீங்க ஒருத்தர்தான். தினம் வாங்க. வந்து பாத்து, இருக்கறத இருக்கற மாதிரி எங்கிட்ட சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

அவள் போனாள். வேலை முடிந்ததும் பஸ், பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலின் காலடியில் நிற்பாள். கால் விரலைத் தொட்டுப் பார்ப்பாள், மூச்சைக் கேட்பாள், காதருகே குனிந்து "அய்யா" என்பாள். வெளியே வந்து சொல்லுவாள். செவ்வாய்க்கிழமை கண்ணைத் திறந்து அவள் விரலைப் பிடித்தார். "நேத்தைவிடத் தேவலாம் சார்" என்றாள். அதைச் சொல்லவும் அவளுக்கு நடுக்கம்தான். நல்லதைச் சொன்னால் கண் பட்டுவிடுமே. ஆனால் சொன்னாள். ஐங்கரன் அன்று முதன்முதலாக ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தான்.

வியாழக்கிழமை அவள் உள்ளே போனபோது இயந்திரங்கள் முந்தின நாள் மாதிரியேதான் மினுக்கிக்கொண்டிருந்தன. நர்ஸ் சிரித்த முகமாக, "ஸ்டேபிள், ஆன்டி" என்றாள். புஷ்பவல்லி காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. நெஞ்சுக்குள் சளி கரகரக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல, அந்த இல்லத்தில் எத்தனையோ கட்டிலருகில் கேட்டிருக்கிறாள். "அய்யா" என்றாள். இமை அசையவில்லை. "அய்யா, சொதி கொண்டாந்திருக்கேன், ரொம்பக் கேவலமான சொதி" என்று பொய் சொல்லிப் பார்த்தாள். எதுவும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நல்ல மனுஷர், என்ன வாய், என்ன சிரிப்பு, இப்படியா ஆக வேண்டும்? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஐங்கரன் எழுந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் பாதி புரிந்துவிட்டது.

"நேத்தைவிட மோசம் சார்" என்றாள். "நல்லா மோசம். நெஞ்சுல சளி எறங்கிருச்சு. ரொம்ப நாளு தாங்காது."

அவன் தலையை ஆட்டினான். போனை எடுத்து மெல்பர்னுக்கு அடித்தான். அக்காவோடு இங்கிலீஷில் பேசினான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனைப் புஷ்பவல்லியிடம் நீட்டினான். "உங்ககிட்டப் பேசணுமாம்."

அவள் இதுவரை பார்த்திராத பெண். அந்தக் குரலில் சீவரத்தினத்தின் சாயல் கொஞ்சம் இருந்தது.

"அக்கா, நான் சுதர்சினி. இங்க பிள்ளையளுக்கு அடுத்த வெள்ளி வரைக்கும் சோதனை இருக்கு. அங்க டாக்டர் நேற்றும் ஸ்டேபிள் எண்டுதான் சொன்னவர். சோதனை முடியட்டும், பிறகு வரலாம் எண்டு இருந்தனான். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கோ. அடுத்த கிழமை வந்தால் அப்பாவைப் பாக்கலாம்தானே?"

புஷ்பவல்லி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பல மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஒரு பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முடியாதும்மா. அடுத்த வாரம்லாம் தாங்க மாட்டாரு. பிள்ளைங்க பரீட்சைய விட்டுட்டு இன்னிக்கே கெளம்பி வாங்க."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். புஷ்பவல்லி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று அப்படியே நின்றாள். வெகுநேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருங்கோ அக்கா, டிக்கெட் பாக்கிறன்" என்றது அந்தக் குரல்.